மென்மையின் கணக்கு

(கல்லூரி ஒன்றின் வேதியியல் மன்றக் கூட்டத்தில், வீட்டிலேயே சோப்பும் அழகுப் பொருட்களும் தயாரிக்கும் சிறுதொழில் முனைவோரையும் அழைத்து நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் மூன்று கண்ணாடிக் குவளைகள் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர். முதல் குவளையில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் கலக்குகிறேன். வாசனை கடைசி வரிசை வரைக்கும் வந்திருக்கும். தைலம் துளித்துளியாகச் சிதறுகிறது. கலக்குவதை நிறுத்தியதும் மேலே ஏறி மிதக்கிறது. இரண்டாவது குவளைக்கும் அதே நாலு சொட்டுதான். ஆனால் அதைப் பாலிசார்பேட் 20 என்ற மஞ்சள் நிறத் திரவத்தோடு சம அளவில் குழைத்துவிட்டு ஊற்றுகிறேன். தண்ணீர் வெளுத்துக் கலங்கிவிட்டது. மூன்றாவதில் தைலம் ஒரு பங்கு, பாலிசார்பேட் எட்டுப் பங்கு. குழைத்து ஊற்றுகிறேன். பாருங்கள், தெளிந்த தண்ணீர். முகர்ந்து பார்த்தால்தான் உள்ளே தைலம் இருப்பது தெரியும்.

இந்த மூன்றாவது குவளையில் நடந்ததும், இன்று காலையில் நீங்கள் முகம் கழுவியபோது நடந்ததும் ஒரே வேலை. இங்கே வெளியிலிருந்து வந்த எண்ணெயைத் தண்ணீருக்குள் தங்க வைத்தோம். அங்கே தோல்மேல் இருந்த எண்ணெயைத் தண்ணீருக்குள் இழுத்து வெளியேற்றினீர்கள். முதல் வேலையைச் செய்யும் பொருளைச் சொலுபிலைசர் என்கிறோம். இரண்டாவதைக் கிளென்சர் என்கிறோம். இரண்டும் சர்ஃபாக்டன்ட் என்ற ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் எது மென்மையானது, எது கடுமையானது என்று பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எவ்வளவு, எதோடு சேர்ந்து, எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மூலக்கூறிலிருந்து தொடங்குவோம். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்: சர்ஃபாக்டன்டுக்கு நீரை விரும்பும் தலை ஒன்று, நீரை வெறுக்கும் வால் ஒன்று. தண்ணீரில் சிறிதளவு போட்டால் மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு ஓடி, வாலைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறையும். சுத்தமான தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நல்ல சர்ஃபாக்டன்ட் அதை 30-ஐ ஒட்டி இறக்கிவிடும். மேற்பரப்பு நிரம்பிய பிறகும் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே கூட்டமாகச் சேரும். வால்கள் எல்லாம் உள்ளே, தலைகள் எல்லாம் வெளியே. இந்த உருண்டைக்குத்தான் மிசெல் என்று பெயர். தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்வதற்காக வால்களை ஒதுக்கித் தள்ளுவதால் வரும் ஒற்றுமை இது. வால்களுக்குள் பெரிய பாசம் எதுவும் கிடையாது.

இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று 1913-ல் சொன்னவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்லியம் மெக்பெய்ன். சோப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் விதம் மற்ற உப்புக் கரைசல்களைப் போல இல்லாததைக் கண்டு, அயனிகள் திரண்டு நிற்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அன்று அதை ஏற்கப் பலர் தயங்கினார்கள். நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. விடுதலைக்குப் பின் 1950-ல் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் இந்த மெக்பெய்ன்தான். தண்ணீரில் கரையாதது மிசெலுக்குள் புகுந்து கரைவதைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பிறகு 1955-ல் வெளிவந்தது.

மூன்றாவது குவளை ஏன் தெளிந்தது என்று இப்போது சொல்லிவிடலாம். தைலம் மிசெல்களின் உள்ளே, வால்கள் இருக்கும் எண்ணெய்ப் பகுதியில் குடியேறிவிட்டது. மிசெலின் குறுக்களவு பத்து நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அவ்வளவு சிறிய உருண்டையால் ஒளியைப் பெரிதாகச் சிதறடிக்க முடியாது. எனவே தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது குவளையில் எண்ணெயை முழுக்க ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மிசெல்கள் இல்லை. மீந்த எண்ணெய் பெரிய துளிகளாக நின்று ஒளியைச் சிதறடித்தது. அதுதான் அந்த வெண்மை. டோனர் தயாரிப்பவர்களுக்கு இது செலவில்லாத சோதனை. தெளிந்திருந்தால் எண்ணெய் உள்ளே அடங்கிவிட்டது. கலங்கியிருந்தால் இன்னும் வெளியே இருக்கிறது; சில நாளில் பிரிந்துவிடும் என்றும் எதிர்பார்க்கலாம்.

எந்த எண்ணெய்க்கு எந்தச் சொலுபிலைசர்? 1949-ல் வில்லியம் கிரிஃபின் என்பவர் ஓர் அளவுகோல் கொடுத்தார். வெடிமருந்து நிறுவனமாகத் தொடங்கிய அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் கம்பெனியில் வேலை பார்த்தவர். தலைக்கும் வாலுக்கும் உள்ள பலத்தின் விகிதத்தை 0 முதல் 20 வரை ஓர் எண்ணாகச் சொன்னார்; எச்.எல்.பி. என்று இன்றும் அதைத்தான் எல்லா ஆய்வகங்களிலும் சொல்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால் வால் ஓங்கியது, பெரிதாக இருந்தால் தலை ஓங்கியது. எண்ணெய்க்குள் தண்ணீரை நிறுத்தும் கிரீமுக்கு 4 முதல் 6. தண்ணீருக்குள் எண்ணெயைத் தெளிவாகக் கரைக்க 15 முதல் 18. பாலிசார்பேட் 20-க்கு 16.7, பாலிசார்பேட் 80-க்கு 15. ஆகவே இரண்டும் சொலுபிலைசர் வரிசையில் வருகின்றன.

இந்த வரிசையில் இன்னொரு பொருள் ஒரு வகையில் நம் ஊர்ச் சரக்கு. பல டோனர், பெர்ஃப்யூம் புட்டிகளில் 'பி.இ.ஜி.-40 ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில்' என்று எழுதியிருக்கும். ஆமணக்கு எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி, அதோடு சராசரியாக 40 எத்திலீன் ஆக்சைடு அலகுகளைக் கோத்தால் கிடைப்பது அது. விளக்கெண்ணெய் தண்ணீரோடு சேராது. நாற்பது அலகு நீளமுள்ள அந்தச் சங்கிலி அதற்குப் பெரிய தலையைக் கொடுத்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடுகிறது. உலகில் ஆமணக்கு மிக அதிகமாக விளைவது இந்தியாவில்தான். குஜராத் முதலிடம், நம் சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் விளைகிறது.

செய்முறையில் ஒரு வார்த்தை. முதலில் தைலமும் சொலுபிலைசரும். நன்றாகக் குழைந்த பிறகு தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரில் சொலுபிலைசரைப் போட்டுவிட்டுக் கடைசியில் தைலத்தை ஊற்றினால், அதே அளவுகள் இருந்தும் கலங்கிப் போகக்கூடும். விகிதமும் தைலத்துக்குத் தைலம் மாறும். ஒன்றுக்கு மூன்றில் தெளிவதும் உண்டு. பத்துப் பங்கு கேட்பதும் உண்டு. பன்னீரில் சும்மா நாலு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டு 'குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்' என்று எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புட்டியில் ஒரு தெளிப்பில் வெறும் பன்னீர் வரும், இன்னொரு தெளிப்பில் நீர்க்காத தைலம் வரும். கண்ணுக்குப் பக்கத்தில் படும் பொருளில் இந்தச் சூதாட்டம் கூடாது.

இனி தோலுக்கு வருவோம். தோலின் வெளி அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனம்தான். அதைச் செங்கல் சுவர் என்று தோலியல் அறிஞர்கள் வருணிப்பார்கள். கெரட்டின் நிறைந்த இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பூச்சு சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலிருப்பது உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர். இதற்கு மேலே வியர்வையும் தோல் சுரக்கும் எண்ணெயும் சேர்ந்த மெல்லிய படலம், அதன் பி.எச். 5-ஐ ஒட்டி, சற்றே அமிலத்தன்மையோடு இருக்கும்.

சர்ஃபாக்டன்டுக்கு அழுக்கு எண்ணெய் எது, சாந்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டும் அதற்கு எண்ணெய்தான். தூசி படிந்த எண்ணெயைத் தூக்கும்போது செராமைடிலும் கொஞ்சம் கைவைக்கும். அத்தோடு, மின்னூட்டம் உள்ள சில தலைகள் கெரட்டினில் ஒட்டி அதை ஊத வைக்கும். ஊதிய அடுக்கு காய்ந்து சுருங்கும்போது முகம் இழுத்துப் பிடிக்கும். நம்மில் பலர் அதைத்தான் 'நல்லா சுத்தமாயிடுச்சு' என்று சொல்கிறோம். அது சுவர் அடிவாங்கிய செய்தி.

இதை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. மக்காச்சோளத்தில் சீயின் என்ற புரதம் இருக்கிறது, தண்ணீரில் கரையாது. சர்ஃபாக்டன்ட் கரைசலில் அதைப் போட்டு எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். அதிகம் கரைத்தால் தோலின் புரதத்தையும் அதிகம் குலைக்கும் என்று கொள்ளலாம். இதில் மிக மோசமான மதிப்பெண் வாங்குபவற்றில் ஒன்று சோடியம் லாரைல் சல்ஃபேட். தோல் எரிச்சலைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க வேண்டியிருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள வால், சிறிய தலை, எதிர் மின்னூட்டம்: மூன்றும் சேர்ந்த கூட்டணி அது.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. சோடியம் லாரைல் சல்ஃபேட் மிசெலாகத் திரளத் தொடங்குவது லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம் செறிவில். அதுவரை எல்லா மூலக்கூறும் தனித்தனியாகத் திரியும். பாலிசார்பேட் 20-க்கு இந்த எல்லை லிட்டருக்கு 0.1 கிராமுக்கும் கீழே. அதாவது, பாலிசார்பேட் கரைசலில் தனியாகத் திரியும் மூலக்கூறுகள் மிகச் சொற்பம், மற்றதெல்லாம் கூட்டுக்குள். தோலுக்குள் நுழைவது தனி மூலக்கூறுகள்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது சரியென்றால், எல்லையைத் தாண்டிய பிறகு எவ்வளவு சேர்த்தாலும் எரிச்சல் கூடக் கூடாது, ஏனென்றால் மேற்கொண்டு சேர்ப்பதெல்லாம் மிசெலாகிவிடும். ஆனால் சோடியம் லாரைல் சல்ஃபேட்டை அதிகப்படுத்தினால் எரிச்சலும் கூடிக்கொண்டே போயிற்று. 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேனியல் பிளாங்க்ஸ்டைன் குழுவினர் இதற்கு விளக்கம் தந்தார்கள். அந்த மிசெல்கள் மிகச் சிறியவை; தோலின் வெளி அடுக்கில் உள்ள நீர்வழித் துளைகள் வழியே மிசெல்களும் நுழைகின்றன என்றார்கள். மின்னூட்டம் இல்லாத இன்னொரு சர்ஃபாக்டன்டைக் கூடச் சேர்த்தால் கலப்பு மிசெல்கள் பெரிதாகின்றன, நுழைவது குறைகிறது என்றும் காட்டினார்கள்.

மென்மையை உண்டாக்கும் வழிகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான். முதல் வழி, தலையைப் பெரிதாக்குவது. லாரைல் சல்ஃபேட்டின் கழுத்தில் இரண்டு மூன்று எத்திலீன் ஆக்சைடு அலகுகளைச் செருகினால் லாரெத் சல்ஃபேட். எரிச்சல் கண்கூடாகக் குறைகிறது. தலையாகச் சர்க்கரையையே வைத்துவிட்டால் டெசைல் குளுக்கோசைடு, கோக்கோ குளுக்கோசைடு போன்றவை. இந்த வகையை 1893-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் ஆய்வகத்தில் செய்துவிட்டார். பெரிய தொழிற்சாலைகளில் இவை உற்பத்தியாக 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி, தலையின் வேதியியலை மாற்றுவது. 1957-ல் அமெரிக்காவில் வந்த டவ் கட்டியில் சோப்பு முதன்மைப் பொருள் அன்று. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து செய்யும் சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட். சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். ஐசெதியோனேட் கட்டியை நடுநிலையில் வைக்கலாம். 1979-ல் பீட்டர் ஃப்ரோஷ், ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோலியல் ஆய்வாளர்கள் கடைச் சோப்புகளின் கரைசலை நாள்கணக்கில் தோலில் வைத்துக் கட்டி ஒப்பிட்டபோது, எரிச்சல் குறைவாக இருந்தது அந்தக் கட்டியில்தான். குளுட்டமிக் அமிலம், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தலையாக வைத்தவை ஜப்பானிய முகக் கழுவிகளில் செல்வாக்கோடு இருப்பதும் இதே காரணத்தால்.

மூன்றாவது வழி, நல்ல கூட்டு. தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் கோக்கமிடோபுரோப்பைல் பீட்டெயினின் தலையில் நேர், எதிர் இரண்டு மின்னூட்டமும் உண்டு. லாரெத் சல்ஃபேட்டோடு இதைச் சேர்த்தால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த எதிர்மின் தலைகளுக்கு நடுவே இது உட்கார்ந்து சமாதானம் செய்துவைக்கிறது. மிசெல்கள் நெருங்கி, நீண்டு வளர்கின்றன, கரைசல் கெட்டிப்படுகிறது, தனியாகத் திரியும் மூலக்கூறுகள் குறைகின்றன. 1950களில் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கொண்டுவந்த, கண் எரியாத குழந்தை ஷாம்பூவும் இப்படி இருமின் தலைகொண்ட சர்ஃபாக்டன்டுகளை நம்பித்தான் பிறந்தது. ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தக் கூட்டில் உள்ள சல்ஃபேட்டை மட்டும் சுட்டிக்காட்டி 'இது கடுமையானது' என்று சொல்வது சரியா? அளவாக, பீட்டெயினோடு சேர்த்து, சரியான பி.எச்.சில் செய்த சல்ஃபேட் ஷாம்பூ, அளவில்லாமல் அடர்த்தியாகச் செய்த 'சல்ஃபேட் இல்லாத' ஷாம்பூவைவிட மென்மையாக இருக்க முடியும்.

இயற்கைப் பொருட்களுக்கும் இதே நியாயம்தான். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருக்கும் சப்போனினுக்குச் சர்க்கரைத் தலையும் கொழுப்பு விரும்பும் வாலும் உண்டு. தொழிற்சாலைக் குளுக்கோசைடோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய அதே திட்டம். சீயக்காய்க் கரைசல் சோப்பைப் போலக் காரமாக இல்லாமல் லேசான அமிலமாக இருப்பது தலைமுடிக்கு நல்லது. ஆனால் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டவர்களுக்கு மரத்தில் காய்த்ததும் எரியும் என்பது தெரியும். மரத்திலிருந்து வந்தாலும் உலையிலிருந்து வந்தாலும் தோலுக்குத் தெரிவது தலையும் வாலும் அளவும்தான்.

ஒவ்வாமை வேறு கணக்கு. எரிச்சல் அளவைப் பொறுத்தது; ஒவ்வாமை ஆளைப் பொறுத்தது. மென்மைக்குப் பெயர்போன பீட்டெயினையே அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2004-ன் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. குற்றவாளிகள் பெரும்பாலும் தயாரிப்பில் மிஞ்சிய அசுத்தங்கள் என்று தெரியவந்தது. எனவே மலிவான பீட்டெயினுக்கும் தூய பீட்டெயினுக்கும் வேறுபாடு உண்டு. 2017-ல் அந்தப் பட்டம் சர்க்கரைத் தலைக் குளுக்கோசைடுகளுக்குப் போனது. இவற்றால் பாதிக்கப்படுவோர் சிலரே. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவராக இருந்தால், 'மென்மையானது' என்ற அட்டை வாசகத்தால் பயனில்லை.

நம்மூரில் சோப்பு வாங்குபவர்கள் டி.எஃப்.எம். என்ற மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவைப் பார்ப்பது வழக்கம். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 விழுக்காடு இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. சோப்பில் நிரப்பி எவ்வளவு குறைவு என்பதை இது சொல்லும். தோலுக்கு எவ்வளவு இதம் என்பதைச் சொல்லாது. 76 விழுக்காட்டுச் சோப்பும் சோப்புதான், பி.எச். 9-க்கு மேல்தான். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து தயிர்போலத் திரிந்து தோலில் படியத்தான் செய்யும். 'பேதிங் பார்' என்று விற்கும் கட்டிக்கு 40 விழுக்காடே போதும் என்பதால் அதை உடனே மட்டம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மீதி இடத்தில் ஐசெதியோனேட் போன்ற மென்மையான பொருள் இருக்கலாம், வெறும் நிரப்பியும் இருக்கலாம். பின்பக்கப் பட்டியலைப் படிக்காமல் சொல்ல முடியாது.

மறுபடி சொலுபிலைசருக்கு வருகிறேன். தயாரிப்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. மிசெலுக்குத் தைலம் மட்டும்தான் விருந்தாளி என்று இல்லை. எண்ணெயை விரும்பும் எதுவும் உள்ளே போகும். கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பாராபென் போன்ற பதப்படுத்திகளும் போகும். உள்ளே போனவை கிருமியைச் சந்திப்பதில்லை. கிருமிகள் வாழ்வது வெளியே தண்ணீரில். நுண்ணுயிரி ஆய்வகங்களில், சோதனைப் பொருளில் இருக்கும் பதப்படுத்தியை முடக்குவதற்கென்றே பாலிசார்பேட் 80 சேர்ப்பது வழக்கம். அதே பொருளை டோனரில் தாராளமாக ஊற்றினால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே தெளிவதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். தைலத்தைக் குறைத்தால் சொலுபிலைசர் குறையும், பதப்படுத்தியும் ஒழுங்காக வேலை செய்யும், கையில் பிசுபிசுப்பும் இருக்காது. இன்னொன்று, எத்திலீன் ஆக்சைடு தலைகள் சூட்டில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பலத்தை இழக்கும். சித்திரை வெயிலில் காரில் வைத்த டோனர் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அறை வெப்பத்தில் தெளிந்துவிட்டது என்று திருப்திப்படாமல் 45 டிகிரியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே விற்கக் கொடுங்கள்.

'நேரம்' என்ற கடைசிக் கணக்கு மிச்சம். கழுவிவிடும் பொருள் தோலில் ஒரு நிமிடம் இருக்கும். பூசிவிடும் பொருள் நாள் முழுக்க இருக்கும். 1990களில் பிரான்ஸில் பெயர் பெற்ற மிசெல் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத மென்மையான சர்ஃபாக்டன்ட், மிகக் குறைந்த செறிவில் இருக்கும். பஞ்சில் நனைத்துத் துடைத்தால் ஒப்பனை கரைந்து வரும். கழுவ வேண்டாம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் தோலில் தண்ணீர் ஆவியாகிப் போனபின் சர்ஃபாக்டன்ட் மட்டும் தங்கிச் செறிவு கூடும் என்பது எளிய கணக்கு. வறண்ட தோல், கரப்பான் உள்ளவர்கள் அதன்பின் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. முகம் கழுவும் ஜெல்லுக்கும் இதே யோசனைதான்: நுரையை ஐந்து நிமிடம் ஊற வைப்பதால் கூடுதல் சுத்தம் கிடைக்காது, சாந்துதான் கூடுதலாகக் கரையும். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். எண்ணெயைத் தூக்குவது மிசெல். நுரை காற்றைப் பிடித்துவைத்த படலம்.

வாங்குபவர்களுக்கு: நம் நாட்டு விதிப்படி பொருட்பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும், ஒரு விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். அட்டையின் முன்பக்கம் கற்றாழைப் படம் இருக்கும். பின்பக்கம் தண்ணீருக்கு அடுத்து எந்த சர்ஃபாக்டன்ட், அதற்குத் துணையாக என்ன என்று பாருங்கள். புதுப் பொருளை முன்கையின் உட்பக்கம் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

தயாரிப்பவர்களுக்கு: வாடிக்கையாளர் உங்களிடம் மூன்று கேள்வி கேட்டால் பதில் இருக்க வேண்டும். இதில் சர்ஃபாக்டன்ட் மொத்தம் எத்தனை விழுக்காடு? இதன் பி.எச். என்ன? சொலுபிலைசர் சேர்த்த பிறகும் பதப்படுத்தி வேலை செய்கிறது என்று ஆய்வகத்தில் சோதித்தீர்களா? பி.எச். பார்க்கும் தாள் விலை அதிகமில்லை. கிருமிச் சோதனைக்குச் செலவாகும். விலையில் அதைச் சேர்த்துக் கேளுங்கள், நியாயமானவர்கள் கொடுப்பார்கள். இந்த மூன்றுக்கும் எண்ணால் பதில் சொல்ல முடிந்த பிறகு அட்டையில் 'மென்மையானது' என்று அச்சடியுங்கள்.

என் பங்கு முடிந்தது. குவளைகள் மேசையிலேயே இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வந்து விகிதத்தை மாற்றிக் கலக்கிப் பாருங்கள். இனி உங்கள் கேள்விகள்.